வேலைக்கு வந்தும் வேலை தரப்படாத நாளுக்குச் சம்பளம் உண்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலை எட்டு மணி ஷிஃப்டுக்கு ஏழரை மணிக்கே ஆலை வாசலில் வந்து நிற்கும் தொழிலாளியிடம் "இன்று பஞ்சு வரவில்லை, வீட்டுக்குப் போங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, மாதக் கடைசியில் அந்த நாளை வராத நாளாகக் கணக்கிட்டுச் சம்பளத்தில் கழிப்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. அது சட்டப்படி சரியா, சரியில்லை என்றால் எவ்வளவு கேட்கலாம், யாரிடம் கேட்கலாம் என்பதில் தொழிலாளிகளுக்கும் தெளிவு இல்லை. சிறு முதலாளிகள் பலருக்கும் இல்லை. தமிழ்நாட்டின் நூற்பாலைகள், பின்னலாடைத் தொழிற்சாலைகள், பவுண்டரிகள், தேயிலைத் தோட்டங்கள் போன்ற இடங்களில் எழும் இத்தகைய தகராறுகளை மனத்தில் வைத்து, இந்தியச் சட்டம் சொல்வதைக் கீழே கேள்வி பதிலாகத் தந்திருக்கிறோம்.

ஷிஃப்ட் தொடங்கும் நேரத்துக்கு வந்துவிட்டேன். வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றைய சம்பளம் எனக்கு உண்டா?

உண்டு. அது முழுச் சம்பளமா, பாதியா என்பதுதான் ஆராய வேண்டிய விஷயம்.

பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். "வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் இல்லை, சட்டம் இரக்கப்பட்டுப் பாதி தரச் சொல்கிறது" என்று நினைக்கிறார்கள். உண்மையில் தொடக்கப் புள்ளி முழுச் சம்பளம்தான். தொழிலாளி தன் உழைப்பைத் தரத் தயாராக, குறித்த நேரத்தில் வந்து நின்றுவிட்டார். வேலை தர வேண்டியது முதலாளியின் பொறுப்பு. முதலாளியின் கைமீறிய சில காரணங்களால் வேலை தர முடியாமல் போனால் மட்டும், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, பாதிச் சம்பளத்தோடு நிறுத்திக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அந்த ஏற்பாட்டுக்குத்தான் லே-ஆஃப் என்று பெயர். நிபந்தனைகள் நிறைவேறாத இடத்தில் பாதி என்ற பேச்சுக்கே இடமில்லை.

லே-ஆஃப் என்று எதைச் சொல்கிறார்கள்? "ஆர்டர் இல்லை" என்பது போதுமான காரணமா?

1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் முதலில் இந்த ஏற்பாடு இல்லை. 1953இல் துணி ஆலைகளில் சரக்கு விற்காமல் தேங்கி, ஆயிரக்கணக்கானோர் வேலையின்றி நிற்க நேரிடும் என்ற அச்சம் எழுந்தபோது, அந்த ஆண்டு அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து, பிறகு நிலையான சட்டப் பகுதியாகச் சேர்க்கப்பட்டது.

அதன்படி நிலக்கரி, மின்சாரம் அல்லது மூலப்பொருள் பற்றாக்குறை, சரக்குத் தேக்கம், இயந்திரப் பழுது, இயற்கைச் சீற்றம் ஆகியவையும் இவற்றோடு தொடர்புடைய பிற காரணங்களும் லே-ஆஃபுக்கு உரியவை. பிற காரணம் என்பதற்காக எதை வேண்டுமானாலும் சொல்லிவிட முடியாது; பட்டியலில் உள்ளவற்றோடு ஒத்த தன்மை அதற்கு இருக்க வேண்டும் என்று தேவான் தேயிலைத் தோட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஆகவே உற்பத்தியான சரக்கு கிடங்கில் மலையாகக் குவிந்திருக்கிறது என்றால் அது பட்டியலில் உள்ள காரணம். "கையில் பணப்புழக்கம் இல்லை", "இந்த மாதம் லாபம் குறைவு" என்பவை பட்டியலில் இல்லை. வெறுமனே "ஆர்டர் இல்லை" என்பது இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பதால்தான் தகராறு பெரும்பாலும் அங்கே எழுகிறது. அது சரக்குத் தேக்கத்தின் விளைவா, நிர்வாகத்தின் திட்டமிடல் குறையா என்பதை ஆவணங்களைப் பார்த்தே முடிவு செய்ய முடியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லே-ஆஃப் காலத்தில் வேலை உறவு அறுவதில்லை. உங்கள் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்துகொண்டே இருக்க வேண்டும். லே-ஆஃப் நடந்தாலும் பதிவேட்டைப் பராமரித்து, வந்தவர்கள் பதிவு செய்ய வழிசெய்ய வேண்டியது முதலாளியின் கடமை.

எவ்வளவு நேரம் காத்திருந்தால் அது லே-ஆஃப் நாளாகக் கருதப்படும்?

குறித்த நேரத்தில் வந்தும் 2 மணி நேரத்துக்குள் வேலை தரப்படவில்லை என்றால் அன்று நீங்கள் லே-ஆஃப் செய்யப்பட்டதாகச் சட்டம் கருதும். இதில் பலரும் கவனிக்காத ஒரு நுட்பம் இருக்கிறது. "இப்போது போய்விட்டு ஷிஃப்டின் இரண்டாம் பாதிக்கு வாருங்கள்" என்று சொல்லி, அப்படியே வந்ததும் வேலை தந்தால், அரை நாள் மட்டுமே லே-ஆஃப். இரண்டாம் பாதிக்கு வரச் சொல்லிவிட்டு அப்போதும் வேலை தரவில்லை என்றால், அந்த இரண்டாம் பாதி லே-ஆஃப் ஆகாது. அதற்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் முழுமையாகத் தர வேண்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவருக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து நாளொன்றுக்கு 480 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். காலையிலேயே நாள் முழுவதற்கும் வேலை இல்லை என்றால் அவருக்கு 240 ரூபாய். காலையில் அனுப்பிவிட்டு மதியம் வரச் சொல்லி, மதியமும் வேலை தராவிட்டால், முற்பகலுக்கு 120 ரூபாய், பிற்பகலுக்கு 240 ரூபாய், ஆக 360 ரூபாய். ஒருவரை இரண்டு முறை அலையவிடுவதற்கு விலை வைத்திருக்கிறது சட்டம். பேருந்துக் கட்டணம் செலவழித்து மதிய வெயிலில் மறுபடி வந்து நின்றவருக்கு இது மிக நியாயமான ஏற்பாடு என்பதே எங்கள் கருத்து.

பாதிச் சம்பளத்தை எப்படிக் கணக்கிடுவது? எல்லோருக்கும் கிடைக்குமா?

அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இவ்விரண்டின் கூட்டுத்தொகையில் 50 சதவீதம். வீட்டு வாடகைப்படி, ஊக்கத்தொகை போன்றவை இந்தக் கணக்கில் சேரா. இடையில் வரும் வார விடுமுறை நாளையும் கணக்கில் எடுக்கக் கூடாது. மேலே சொன்ன தொழிலாளி தொடர்ந்து 7 நாள் லே-ஆஃபில் இருந்து, அதில் ஒரு நாள் வார விடுமுறை என்றால், 6 நாளுக்கு 240 வீதம் 1,440 ரூபாய் பெறுவார்.

இதைப் பெற ஓராண்டு தொடர் பணி முடித்திருக்க வேண்டும். முந்தைய 12 மாதங்களில் 240 நாள் வேலை செய்திருந்தால் ஓராண்டு தொடர் பணி முடித்ததாகச் சட்டம் கருதும். சுரங்கத்தின் உள்ளே வேலை செய்பவர்களுக்கு 190 நாள். உடன்பாட்டின்படியோ நிலையாணைகளின்படியோ (ஆலையின் பணி விதிகளின்படியோ) லே-ஆஃபில் இருந்த நாள்களும், சம்பளத்துடன் கூடிய விடுப்பு நாள்களும் இந்த 240இல் சேரும். நிரந்தரத் தொழிலாளி வராதபோது அவரிடத்தில் வேலை செய்யும் பதிலித் தொழிலாளிகளுக்கும் அவ்வப்போது வந்துபோகும் கூலியாட்களுக்கும் இந்த உரிமை இல்லை. ஆனால் பதிலி என்று பெயர் வைத்துக்கொண்டே ஆண்டுக்கணக்கில் வேலை வாங்குவது ஆலைகளில் பழைய பழக்கம். ஓராண்டு தொடர் பணியை முடித்துவிட்டவரை, லே-ஆஃப் இழப்பீட்டைப் பொறுத்தவரை, பதிலி என்று சொல்லித் தள்ளிவைக்க முடியாது.

ஓராண்டு முடிக்காதவருக்கு ஒன்றுமே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. வேலையைத் தொடங்கிய பிறகு பாதியில் நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினால், குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயிக்கப்பட்ட தொழில்களில், வேலை தராத குறை முதலாளியுடையது என்றால், நாள் முழுவதற்குமான ஊதியம் தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் சொன்னது. அதற்குப் பதிலாக வந்த 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. தொழிலாளி தானே வேலை செய்ய விரும்பாமல் போனாலும், விதிகளில் குறிப்பிட்ட பிற சூழ்நிலைகளிலும் இது பொருந்தாது.

45 நாளுக்குப் பிறகு ஒன்றும் தர வேண்டியதில்லை என்கிறார்களே?

அரைகுறை உண்மை. 12 மாதங்களில் 45 நாளுக்கு மேல் லே-ஆஃப் நீண்டால், அதற்குப் பிந்தைய நாள்களுக்கு இழப்பீடு இல்லை என்று இரு தரப்புக்கும் இடையே உடன்பாடு இருந்தால்தான் நிறுத்தலாம். உடன்பாடு இல்லை என்றால் பாதிச் சம்பளம் தொடரும். 45 நாளுக்குப் பிறகு முறைப்படி ஆட்குறைப்புச் செய்யவும் முதலாளிக்கு வழி இருக்கிறது. அப்போது ஏற்கெனவே தந்த லே-ஆஃப் தொகையை ஆட்குறைப்பு இழப்பீட்டில் கழித்துக்கொள்ளலாம்.

வேலையில் சேரும்போது கையெழுத்து வாங்கிய காகிதக் கட்டில் இந்த உடன்பாடும் ஒரு வரியாக ஒளிந்திருக்கக் கூடும். அதனால் "உடன்பாடு எங்கே?" என்று முதலிலேயே கேட்டு, நகலை வாங்கிப் படித்துவிடுங்கள்.

எங்கள் பட்டறையில் 20 பேர்தான் வேலை செய்கிறோம். "சிறிய இடம், லே-ஆஃப் சட்டம் இங்கே பொருந்தாது" என்று முதலாளி சொல்கிறார். சரியா?

அவர் சொல்வதன் முதல் பாதி சரி. முந்தைய மாதத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 50 தொழிலாளிகளுக்குக் குறைவாக இருந்த இடங்களுக்கும், பருவகாலத் தொழில்களுக்கும் லே-ஆஃப் இழப்பீட்டுப் பிரிவு பொருந்தாது. தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகிய மூன்றுக்கு மட்டுமே அது பொருந்துகிறது; கடைகளும் அலுவலகங்களும் அதற்கு வெளியே இருக்கின்றன.

ஆனால் பொருந்தாது என்றால் சம்பளமே தர வேண்டியதில்லை என்று பொருளா? ஃபயர்ஸ்டோன் டயர் நிறுவனத்தின் டெல்லி விநியோக அலுவலகத் தொழிலாளிகள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1976இல் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. அந்த அலுவலகத்தில் 50 பேருக்கும் குறைவாகவே வேலை செய்தார்கள். தொழில் தகராறுகள் சட்டம் லே-ஆஃப் செய்யும் அதிகாரத்தை முதலாளிக்கு வழங்கவில்லை. லே-ஆஃப் நடந்தால் என்ன இழப்பீடு என்பதை மட்டுமே வரையறுக்கிறது. லே-ஆஃப் செய்யும் அதிகாரம் வேலை ஒப்பந்தத்திலோ, நிலையாணைகளிலோ, வேறு சட்டத்திலோ இருக்க வேண்டும். எங்கும் இல்லை என்றால் வேலை தராத நாளுக்கும் முழுச் சம்பளம் தர வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

இந்தத் தீர்ப்பு சிறு பட்டறைகளில் வேலை செய்பவர்களுக்குத் தெரியாமலே போனது பெரிய இழப்பு. 200 பேர் வேலை செய்யும் ஆலையில் பாதிச் சம்பளம் என்றால், 20 பேர் உள்ள பட்டறையில் ஒன்றுமில்லை என்று இரு தரப்பும் இயல்பாகவே முடிவு செய்துவிடுகிறார்கள். சட்டத்தின் நிலை அதற்கு நேர் எதிராகக்கூட இருக்கலாம்.

நான் சிறு முதலாளி. மின்வெட்டு என் தவறு இல்லையே. இழப்பை நான் மட்டும் சுமப்பது நியாயமா?

கேள்வி நியாயமானது. 2008ஆம் ஆண்டைத் தொடர்ந்த மின்வெட்டுக் காலத்தில் கோவை, திருப்பூர் வட்டாரச் சிறுதொழில்கள் பட்ட பாட்டை மறப்பதற்கில்லை. ஆனால் அதே மின்வெட்டு தொழிலாளியின் தவறும் இல்லை என்பதையும், அவருக்கு இழப்பைத் தாங்க வேறு வருமானம் இல்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சட்டத்துக்கு உட்பட்டே நீங்கள் செய்யக் கூடியவை இருக்கின்றன. எந்தச் சூழ்நிலையில், எத்தனை நாள் வரை, எந்த விகிதத்தில் சம்பளம் என்பதை வேலை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதிக்கொள்ளலாம். மின்சாரம் இல்லாத நாளுக்கு ஈடாக வார விடுமுறையை மாற்றிக்கொள்ளலாம். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம் 1948இன்படி, ஞாயிறன்று வேலை வாங்கினால் அதற்கு முந்தைய மூன்று நாளிலோ பிந்தைய மூன்று நாளிலோ ஒரு முழு நாள் விடுமுறை தந்திருக்க வேண்டியிருந்தது. முன்னறிவிப்பு ஒட்ட வேண்டியிருந்தது. தொழிற்சாலை ஆய்வாளருக்கும் தெரிவிக்க வேண்டியிருந்தது. இடையில் முழு விடுமுறை இல்லாமல் தொடர்ந்து 10 நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றும் அச்சட்டம் சொன்னது. இந்த முறையைப் பின்பற்றினால் ஞாயிறு வேலை மிகைநேரமாக (ஓவர்டைமாக) கருதப்படவில்லை. முறையைப் பின்பற்றாமல் வாரத்தில் 48 மணி நேரத்தைத் தாண்டினால் இரட்டைச் சம்பளம் தர வேண்டிவரும்.

பெரிய ஆலைகள் அரசிடம் முன் அனுமதி பெற வேண்டுமா?

தொழில் தகராறுகள் சட்டத்தில் 100 தொழிலாளிகளும் அதற்கு மேலும் உள்ள தொழிற்சாலை, சுரங்கம், தோட்டங்கள் அனுமதி பெற வேண்டியிருந்தது. மின்பற்றாக்குறை, இயற்கைச் சீற்றம் ஆகிய காரணங்களுக்கு விலக்கு உண்டு. விண்ணப்பித்து 60 நாளுக்குள் அரசு பதில் சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கருதப்படும். அனுமதி பெறாமல் செய்த லே-ஆஃப் செல்லாது. அந்த நாள்களுக்கு முழுச் சம்பளமும் பிற பலன்களும் தர வேண்டும்.

புதிய சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டனவே, இதெல்லாம் மாறிவிட்டதா?

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றில் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 2020 லே-ஆஃபைப் பற்றியது. 50 பேர் வரம்பு, பாதிச் சம்பளம், 240 நாள், 45 நாள் ஆகியவை அப்படியே தொடர்கின்றன. மாறியதில் முக்கியமானது முன் அனுமதி வரம்பு. 100ஆக இருந்தது 300 ஆகிவிட்டது. 100 முதல் 299 பேர் வரை உள்ள ஆலைகளின் தொழிலாளிகள் இதனால் ஒரு பாதுகாப்பை இழந்திருக்கிறார்கள். நடுத்தர நூற்பாலைகள் நிறைந்த நம் மாநிலத்தில் இது சிறிய மாற்றம் அன்று. எனினும் அனுமதி தேவையில்லை என்பதால் பாதிச் சம்பளமும் தேவையில்லை என்று ஆகிவிடாது.

இயந்திரம் பழுதாகி ஆலைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். அந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டா? பீஸ் ரேட்டில், அதாவது செய்த உருப்படிகளுக்கேற்பக் கூலிக்கு, வேலை செய்பவர்களுக்கு?

உங்கள் ஆலையின் நிலையாணைகளைப் பார்க்க வேண்டும். 1946ஆம் ஆண்டு மத்திய விதிகளில் உள்ள மாதிரி நிலையாணைகளின்படி, வேலை நின்றபின் தொழிலாளிகளை உள்ளே காத்திருக்க வைத்த நேரம் ஒரு மணிக்கு மேற்படாவிட்டால் அதற்குச் சம்பளம் இல்லை. ஒரு மணியைத் தாண்டிவிட்டால், காத்திருந்த முழு நேரத்துக்கும், அதாவது அந்த முதல் ஒரு மணிக்கும் சேர்த்தே, சம்பளம் உண்டு. பீஸ் ரேட் தொழிலாளிக்கு முந்தைய மாதத்தின் சராசரி நாள் வருமானத்தை நாள் சம்பளமாகக் கொண்டு கணக்கிட வேண்டும். "பீஸ் இல்லை, அதனால் காசு இல்லை" என்ற பேச்சு இங்கே எடுபடாது.

வேலை இல்லாத நாளை என் விடுப்புக் கணக்கில் கழித்துவிட்டார்கள். செய்யலாமா?

ஈட்டிய விடுப்பு நீங்கள் உழைத்துச் சேர்த்தது. நீங்கள் விண்ணப்பித்துப் பெறுவது. முதலாளி வேலை தர முடியாத நாளை அதைக் கொண்டு நிரப்புவது, லே-ஆஃப் இழப்பீட்டை உங்கள் பையிலிருந்தே எடுத்து உங்களுக்குத் தருவது போன்றது. சில பழைய நிலையாணைகளில் கட்டாய விடுப்பு என்ற வாசகம் இருக்கக் கூடும். அப்படி இருந்தாலும் சட்டம் தரும் பாதிச் சம்பளத்தை அது குறைக்க முடியாது. முன்பே நிரப்பி வைத்த விடுப்பு விண்ணப்பத்தில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். போட்டுவிட்டால் பிறகு வாதாடுவது மிகவும் கடினம்.

எப்போது பாதிச் சம்பள உரிமை போய்விடும்?

மூன்று சூழ்நிலைகளில். அதே ஆலையிலோ, அதே முதலாளியின் அதே ஊரிலுள்ள அல்லது 5 மைல், அதாவது 8 கிலோமீட்டர், சுற்றளவுக்குள் உள்ள வேறு ஆலையிலோ, தனித் திறனோ முன் அனுபவமோ தேவைப்படாத மாற்று வேலையை அதே சம்பளத்துக்குத் தந்தும் மறுத்தால் உரிமை இல்லை. குறித்த நேரத்தில் நாளுக்கு ஒரு முறையாவது வந்து வருகையைத் தெரிவிக்காவிட்டாலும் இல்லை. அதே நிறுவனத்தின் வேறொரு பிரிவுத் தொழிலாளிகளின் வேலைநிறுத்தத்தால் லே-ஆஃப் நேர்ந்தாலும் இல்லை.

இரண்டாவதில்தான் மிகப் பலர் உரிமையை இழக்கிறார்கள். "பத்து நாளைக்கு வர வேண்டாம், கூப்பிடுகிறோம்" என்று மேஸ்திரி வாய்வார்த்தையாகச் சொல்வார். தொழிலாளி ஊருக்குப் போய்விடுவார். பிறகு "இவர் வரவே இல்லை" என்று பதிவேடு சாட்சி சொல்லும். வர வேண்டாம் என்பதை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால், தினமும் வாசல் வரை போய்க் கையெழுத்திடுங்கள். கையெழுத்திட விடாவிட்டால், வந்து நின்றதை அன்றன்றே மேலாளருக்கு வாட்ஸ்அப் செய்தியாக அனுப்பி வையுங்கள்.

ஒப்பந்தக்காரர் மூலம் வேலை செய்கிறேன். யாரிடம் கேட்பது?

முதலில் ஒப்பந்தக்காரரிடம். அவர் தரவேண்டிய சம்பளத்தைத் தராவிட்டால், அதைத் தரும் பொறுப்பு முதன்மை முதலாளியை, அதாவது ஒப்பந்தக்காரர் மூலம் உங்களிடம் வேலை வாங்கும் நிறுவனத்தை, சேர்கிறது. அடையாள அட்டை, வங்கிக் கணக்கில் வரவான சம்பளம், வைப்புநிதிக் கணக்கு ஆகியவற்றில் யார் பெயர் இருக்கிறது என்பதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கொரோனா ஊரடங்கில் முழுச் சம்பளம் என்று அரசு சொன்னதே, அது என்ன ஆயிற்று?

2020 மார்ச் 29 அன்று மத்திய உள்துறை அமைச்சகம், ஊரடங்குக் காலத்துக்குப் பிடித்தமின்றிச் சம்பளம் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. மே மாதத்தின் நடுவில் அது விலக்கப்பட்டது. அந்த 50 நாள் சம்பளம் குறித்து, முதலாளிகளும் தொழிலாளிகளும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஜூன் 12 அன்று இடைக்கால உத்தரவில் கூறியது. சங்கம் இருந்த இடங்களில் பேச முடிந்தது. சங்கம் இல்லாத இடங்களில் பேசுவதற்கே ஆள் இல்லை.

தர வேண்டிய தொகையைத் தரவில்லை. எங்கே போவது?

முதலில் எழுத்தில் கேளுங்கள். எந்தெந்தத் தேதிகளில் வந்தீர்கள், எத்தனை மணிக்கு வந்தீர்கள், யார் என்ன காரணம் சொல்லித் திருப்பி அனுப்பினார், எவ்வளவு தொகை வர வேண்டும் என்று ஒரே பக்கத்தில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகைச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லை என்றால் உங்கள் மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். சமரச அலுவலர் இரு தரப்பையும் அழைத்துப் பேசுவார்.

ஊதியச் சட்டத் தொகுப்பின் கீழ் வரும் கோரிக்கை என்றால் மூன்று ஆண்டுக்குள் அதற்குரிய அதிகாரியிடம் மனுச் செய்ய வேண்டும். அவர் கோரிக்கைத் தொகையோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடும் தரச் சொல்ல முடியும். லே-ஆஃப் தொகையைக் கணக்கிட்டு வசூலித்துத் தருமாறு தொழிலாளர் நீதிமன்றத்தை அணுகும் வழி பழைய தொழில் தகராறுகள் சட்டத்தின் 33சி பிரிவில் இருந்தது. புதிய தொகுப்பிலும் அந்த வழி இருக்கிறது. ஆனால் அந்த மனுவில் நீதிமன்றம் ஏற்கெனவே உள்ள உரிமையைக் கணக்கிடும், அவ்வளவுதான்; உரிமையே இருக்கிறதா இல்லையா என்பது தகராறாக இருந்தால் அதைத் தனியாகத் தீர்த்துக்கொண்டு வரச் சொல்லிவிடும். "அன்று லே-ஆஃப்" என்று நிர்வாகம் ஒட்டிய அறிவிப்பின் புகைப்படமோ, "இன்று வேலை இல்லை" என்று மேலாளர் அனுப்பிய ஒரு வரிச் செய்தியோ கையில் இருந்தால், அந்தத் தகராறு எழுவதற்கே இடம் குறைவு. அலைபேசியில் இருப்பதை அழிந்துபோகாமல் வேறோர் இடத்திலும் பத்திரப்படுத்தி, சம்பளச் சீட்டுகளோடு சேர்த்து எடுத்துச் செல்லுங்கள்.